கல் முனை வைத்த அம்பும் வன்னி வெள்ளைக் கல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் கிரவல் வெட்டிய குழி ஓரத்திலும் மழை அரித்த ஒழுங்கையிலும் வெள்ளைக் கல் சில்லுகள் கிடப்பதைப் பார்க்காதவர்கள் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை வெறும் கல். சில மட்டும் ஒரு காலத்தில் யாரோ குந்தியிருந்து தட்டி எடுத்தவை. கற்கால வேட்டை ஆயுதங்களைத் திரும்பச் செய்து பார்ப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு என்று தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாக்கியிருக்கிறேன். கேட்டவர்களில் மாணவர்களும் இருக்கிறார்கள், தேன் எடுக்கக் காட்டுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது கூட்டத்தின் கேள்விகள்தான் கடினமானவை.

பரிசோதனைத் தொல்லியல் என்றால் என்ன? பழைய மாதிரி வேடம் போட்டு அம்பு விடுவதா?

இல்லை. அம்பு விடுவது அதில் ஒரு சின்னப் பகுதி. அகழ்வில் கிடைத்த ஒரு கருவியைப் போலவே, அதே வகைக் கல்லில், அதே வழியில் இன்னொன்று செய்கிறோம். அதைப் பயன்படுத்துகிறோம், உடைக்கிறோம். பிறகு நம்முடைய உடைசலையும் அகழ்வில் வந்த உடைசலையும் உருப்பெருக்கியின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். முனையின் நீளம், அகலம், தடிப்பு, நிறை, அம்பின் வேகம், எங்கே பட்டது, எப்படி உடைந்தது எல்லாம் எழுதி வைக்கப்பட வேண்டும். எழுதாவிட்டால் அது விளையாட்டு. விளையாட்டில் தவறில்லை, ஆனால் அதற்குப் பெயர் வேறு.

இந்த வேலைக்கு ஒரு பழைய முன்னோடி சாக்ஸ்டன் போப் என்ற அமெரிக்க மருத்துவர். கலிஃபோர்னியாவின் யாஹி இனத்தவரான இஷியிடம் வில்வித்தை கற்றவர். உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த விற்களை எய்து அளந்து 1923ல் ஒரு நூலாக வெளியிட்டார்.

வன்னியில் கற்கால வேட்டைக்காரர் இருந்தார்களா, அல்லது அதெல்லாம் தெற்கில் மட்டும்தானா?

இருந்தார்கள். இலங்கைத் தொல்லியலில் 'இரணைமடுப் படிவு' என்று ஒரு பெயர் அடிக்கடி வரும். நம்முடைய இரணைமடுவேதான். உலர் வலயத் தாழ்நிலத்தில் சரளைக் கல்லும் அதன்மேல் செம்மண்ணாகிப்போன பழைய மணலும் சேர்ந்த படிவுகளுக்கு அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் கற்கருவிகள் இருக்கின்றன. தென்கிழக்கே புந்தல பக்கம் அதே வகைப் படிவுகளில் தொல்லியலாளர் ஷிரான் தெரணியகல வேலை செய்தார். அங்கே ஓரிடத்தில் கிடைத்த, முக்கோணமும் பிறையுமாக அமைந்த நுண்கற்கருவிகளின் வயது சுமார் 28,000 ஆண்டுகள். மன்னார்ப் பக்கம் மாந்தையில், பெயர்பெற்ற துறைமுக நகரத்தின் அடியிலேயே நுண்கற்கருவிகள் கொண்ட மண்படை வந்தது.

தெற்கின் குகைகளுக்கு இருக்கிற புகழ் நமக்கு இல்லாததற்குக் காரணம் எளிது. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகை, குருவிட்டவில் இருக்கும் படதொம்பலென போன்ற இடங்களில் எலும்பும் கரியும் கூரையின் கீழ் மழை படாமல் கிடந்தன. வெட்டவெளி மணலில் எலும்பு நிற்காது, மரம் நிற்காது, நாரும் பிசினும் நிற்காது. கல் மட்டும் மிஞ்சும். அம்பின் தொண்ணூறு வீதம் மரமும் நாரும் என்றால் நம்மிடம் மிஞ்சியிருப்பது அந்த மிச்சப் பத்து வீதம்தான். திரும்பச் செய்து பார்க்கிற வேலை வேறெங்கையும்விட வன்னிக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

"தம்பி, இந்த நகத்தளவு கல்லால பன்றி சாகுமோ?"

காடு தெரிந்த ஒரு பெரியவர் கேட்டது. நியாயமான கேள்வி. துவக்குச் சன்னம் அடிக்கிற மாதிரி அம்பு அடிப்பதில்லை. அம்பு வெட்டும். விலா எலும்புக்கிடையால் உள்ளே போய் நுரையீரலையோ பெரிய இரத்தக் குழாயையோ அறுத்தால் இரத்தம் போய் விலங்கு விழும். அதற்கு வேண்டியது பாரம் அல்ல, கூர். தோலைத் திறக்கும் அளவுக்கு ஒரு முனை, பின்னால் வரும் தண்டு நுழைய இடம்விடும் அளவுக்கு ஒரு அகலம், அவ்வளவுதான்.

நுண்கற்கருவி எப்போதும் தனியாக முனையில் இருந்தது என்றும் நினைக்கக்கூடாது. சுவீடனில் லொஷுல்ட் என்ற இடத்துச் சதுப்பில் ஓர் அம்பு முழுதாகக் கிடைத்தது. முனையில் ஒரு சிறு கல், பக்கத்தில் முள் மாதிரி இன்னொன்று, இரண்டும் பிசினால் ஒட்டியபடி. பக்கத்துக் கல் காயத்தை அகலமாக்கும், அம்பு கழன்று விழாமலும் பிடிக்கும். இஸ்ரேலில் அல்லா யாரோஷெவிச்சும் சகாக்களும் நுண்கற்களை முனையாக, சாய்வாக, குறுக்காக, பக்க முள்ளாக எனப் பல விதமாகப் பொருத்தி எய்து 2010ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே வடிவக் கல் பல விதமாகப் பொருத்தப்பட்டிருக்கலாம், பொருத்திய விதத்தைப் பொறுத்து உடைவும் மாறும் என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

ஆனால் பெரியவரின் சந்தேகம் ஒரு விடயத்தில் சரி. முழு வளர்ச்சி பெற்ற ஆண் பன்றியின் தோள் பக்கத் தோல் தடித்தது, அடியில் எலும்பும் இருக்கிறது. அங்கே பட்டால் சின்னக் கல் நொறுங்கும். எங்கே எய்வது என்று தெரிந்தவன் கையில்தான் அது ஆயுதம். பாஹியன் குகை எலும்புகளில் பெரும் பங்கு குரங்கும் அணிலும் என்பதையும் மறக்கவேண்டாம். அந்த மழைக்காட்டு வேட்டைக்காரர்கள் மரத்தின் மேலே பார்த்து எய்தவர்கள். வன்னிக் காட்டில் மானும் மரையும் பன்றியும் உடும்பும் முயலும் உண்டு. இங்கே ஆயுதம் வேறு மாதிரி இருந்திருக்கலாம். கல் மட்டும் மிஞ்சிய இடத்தில் அதை நேரடியாகக் காண வழியில்லை.

கூரான தடி போதாதா? எதற்குக் கல்லை ஒட்டிக் கஷ்டப்பட வேண்டும்?

இந்தக் கேள்வியை ஆய்வாளர்களே கேட்டிருக்கிறார்கள். நிக்கோல் வாகஸ்பாக்கும் சகாக்களும் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சிக் குழுவின் உதவியோடு மரமுனை அம்பையும் கல்முனை அம்பையும் ஜெலட்டின் இலக்கில் எய்து 2009ல் எழுதினார்கள். கல்முனை ஏறத்தாழ 10 வீதம் கூடுதல் ஆழம் போனது. அவ்வளவே. கல்லை உடைத்து, பிசின் காய்ச்சி, நார் சுற்றிச் செய்கிற வேலைக்கு 10 வீதம் பெரிய லாபமா? அவர்கள் அதைத்தான் கேட்டார்கள். சமூகக் காரணங்களும் இருந்திருக்கலாம் என்றும் எழுதினார்கள்.

என் கருத்தில் ஆழம் மட்டும் அளவுகோல் அல்ல. போப் செய்த ஒரு சோதனையைப் பாருங்கள். ஒரு பெட்டியின் இரு பக்கமும் மான் தோலால் மூடி, உள்ளே மாட்டு ஈரலை நிறைத்து எய்தார். எரிமலைக் கண்ணாடிக் கல்முனை எஃகு முனையைவிட ஆழமாகப் போனது. தோலும் சதையும் உள்ள இலக்கில் வெட்டும் விளிம்பு வேலை செய்கிறது, ஜெலட்டினில் அந்த வித்தியாசம் அவ்வளவாக வெளியே வராது. காயத்தின் அகலமும் முக்கியம். மரமுனை ஒரு துளை போடும், துளை சுருங்கி மூடலாம். கல் விளிம்பு கீறிக்கொண்டு போகும். இரத்தம் வழிந்தால்தான் புதருக்குள் ஓடிய மானின் தடம் பிடிக்கலாம்.

இருந்தாலும் மரமுனையைக் குறைவாக எண்ணவேண்டாம். ஜேர்மனியின் ஷோனிங்கன் ஈட்டிகள் முழுக்க மரம், மிகப் பழைய கற்கால மனிதர்களின் வேலை. அவற்றின் நகலை ஈட்டி எறியும் விளையாட்டு வீரர்களிடம் கொடுத்து அனெமீக் மில்க்ஸ் குழு 2019ல் காட்டியது: 20 மீற்றர் தூரத்து இலக்கிலும் அவர்களால் அடிக்க முடிந்தது. பத்து மீற்றருக்குமேல் எறிந்து பயனில்லை என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள்.

வில்லா, ஈட்டியா என்று கல்முனையைப் பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவு. முனையின் குறுக்கு வெட்டுப் பரப்பு என்று ஒரு கணக்கு இருக்கிறது: அதிகபட்ச அகலத்தைத் தடிப்பால் பெருக்கி இரண்டால் வகுப்பது. ஜோன் ஷே 2006ல் தந்த சராசரிகள், அம்பு முனைக்கு 33 சதுர மில்லிமீற்றர், எறிகருவியால் வீசும் ஈட்டிக்கு 58, கையால் குத்தும் ஈட்டிக்கு 168. உதாரணத்துக்கு 12 மில்லிமீற்றர் அகலம், 4 மில்லிமீற்றர் தடிப்பு உள்ள நம் வெள்ளைக் கல் துண்டு 24 வரும். அம்புக்குப் பொருந்தும்.

பொருந்தும் என்றேன், அம்பு என்று சொல்லவில்லை. அதே துண்டு ஒரு கத்தியின் அலகாகவும் இருந்திருக்கலாம். இந்தக் கணக்கு எது முடியாது என்று விலக்குவதற்கு நல்லது, எது நடந்தது என்று நிறுவுவதற்குப் போதாது.

இலங்கையில் வில் இருந்தது என்பதற்கு இன்றைக்கு வலுவான வாதம் பாஹியன் குகையின் எலும்பு முனைகள். 2020ல் மிஷெல் லாங்லியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் 130 எலும்பு முனைகள் வருகின்றன. மிகப் பழையவற்றின் காலம் சுமார் 48,000 ஆண்டுகள். தேய்வையும் அடிபட்ட உடைவையும் வைத்து அவற்றை அம்பு முனை என்றார்கள். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லுக்கான மிகப் பழைய சான்று இது என்பது அப்போது அவர்கள் வாதம்.

வெள்ளைக் கல்லை எப்படி உடைப்பது? நான் சுத்தியலால் அடித்தால் தூளாகிறதே.

எல்லோருக்கும் முதலில் அதுதான் நடக்கும். யூடியூபில் வெள்ளைக்காரர் மான்கொம்பால் மெல்லத் தட்டி அழகான இலை வடிவ முனை எடுப்பது பிளின்ட் என்ற கல்லில். அது உள்ளே ஒரே சீரானது, வெடிப்பு நாம் விரும்பிய பக்கம் ஓடும். நம் வெள்ளைக் கல், அதாவது குவார்ட்ஸ், அப்படியல்ல. உள்ளுக்குள் ஏற்கனவே வெடிப்புகள், பளிங்கு முகங்கள். அடி விழுந்த இடத்தில் ஆரம்பித்து எங்கேயோ போய் முடியும். கடினத்தில் குறைவில்லை, மோஸ் அளவில் 7, எஃகுக் கத்தி அதைக் கீறாது.

இதற்கு ஏற்ற முறை இருமுனைத் தட்டல். பட்டறைக் கல் ஒன்றைக் கீழே வைத்து, அதன்மேல் கூழாங்கல்லை நிறுத்திப் பிடித்து, மேலிருந்து உருண்டைக் கல்லால் நேராக அடிக்க வேண்டும். சக்தி மேலிருந்தும் கீழிருந்தும் வரும், கல் பிளந்து சிறு சில்லுகளாக விழும். பார்க்க முரட்டு வேலை மாதிரித் தெரியும். ஆனால் சின்னக் கூழாங்கல்லிலிருந்து அலகுகளை எடுக்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. பாஹியன் குகை நுண்கற்கருவிகள் பெரும்பாலும் குவார்ட்ஸ், அங்கே இந்த முறையும் தெரிகிறது. பட்டறைக் கல்லின் நடுவில் விழும் குழியையும் கவனித்து வையுங்கள். அகழ்வில் அப்படிக் குழி விழுந்த கல் வந்தால் அதை என்ன செய்தார்கள் என்று கைக்கே தெரியும்.

கிடைத்த சில்லுகளில் நல்லதைத் தெரிந்து ஒரு பக்க விளிம்பை மட்டும் சின்னச் சின்னத் தட்டுகளால் மழுக்க வேண்டும். அது முதுகு. பிசின் பிடிப்பதற்கும் நார் அறுபடாமல் இருப்பதற்கும் அது தேவை. மறுபக்கக் கூர் விளிம்பைத் தொடவே கூடாது, உடைத்த விளிம்பைவிடக் கூரானதை நாம் தீட்டி எடுக்க முடியாது.

கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த துணி, வெளியில் காற்றோட்டமான இடம். குவார்ட்ஸ் தூள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும். கல் உடைக்கும் இடங்களில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது.

எதனால் ஒட்டினார்கள்?

இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள்.

தென்னாபிரிக்காவின் சிபுடு குகையில் கல் அலகுகளின் முதுகில் பிசினும் செங்காவியும் சேர்ந்து ஒட்டியிருந்தன. காவி அலங்காரத்துக்கு என்று விட்டுவிடலாம். தொல்லியலாளர் லின் வாட்லி விடவில்லை. கருவேல இனப் பிசினை வெறுமனே வைத்தும், காவித் தூள் கலந்தும், தேன்மெழுகு சேர்த்தும் ஒட்டிப் பார்த்தார். வெறும் பிசின் காய்ந்ததும் நொறுங்கும், ஈரத்தில் இளகும். காவி சேர்ந்த கலவை அதிர்ச்சியைத் தாங்கியது. நெருப்பின் வெப்பமும் முக்கியம், அதிகமானால் பிசின் பொங்கிக் குமிழி விட்டுக் கெட்டுவிடும். எத்தனை விடயங்களை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருந்தால் இப்படி ஒரு பசை செய்ய முடியும் என்பதை வைத்து, அந்த மனிதர்களின் சிந்தனையைப் பற்றியே வாட்லி வாதிட்டார். அதே குகையின் 60,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குவார்ட்ஸ் அலகுகளை மார்லிஸ் லொம்பார்ட் அம்பு முனைகள் என்று காட்டினார். குவார்ட்ஸ் என்பதைக் கவனியுங்கள்.

வன்னியில் செய்து பார்க்க விளாம்பிசின் வசதி. அதுவும் நீரில் கரையும் வகைதான், மாரி காலத்து ஈரத்தில் தனியாக நம்பமுடியாது. தேன்மெழுகுக்கு இங்கே பஞ்சமில்லை. மெழுகு நெகிழ்வைத் தரும், ஆனால் கூடினால் வெயிலில் முனை தலை சாயும். வலைக்கும் தோணிக்கும் பூசிய பனிச்சங்காய்ப் பாலையும் ஒருவர் முயன்று பார்க்கலாம். கட்டுவதற்கு மரல் நார். கற்றாழை மாதிரிக் கத்தி இலையோடு புதருக்கடியில் நிற்குமே, அதுதான். வில் நாணுக்கும் அது தாங்கும். இவற்றைத்தான் பழைய ஆட்கள் பயன்படுத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த மண்ணில் கிடைக்கும் பொருளால் வேலை நடக்குமா என்பதுதான் சோதனை.

எதன்மேல் எய்வது?

உயிருள்ள எதன்மேலும் இல்லை. இது சட்டத்துக்காக மட்டும் சொல்வதல்ல, சட்டமும் அப்படித்தான்: 1937ன் வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது.

ஆய்வுகூடங்களில் ஜெலட்டின், குயவர் களிமண், அல்லது இறந்த விலங்கின் உடல். களிமண் மலிவு, எப்போதும் ஒரே மாதிரி இருக்கும், இரண்டு முனைகளை ஒப்பிட வசதி. ஆனால் களிமண் தண்டைப் பிடித்து இழுக்கும், தோலை வெட்டுகிற வேலையும் அதில் இல்லை. நான் சொல்வேன், களிமண் கட்டியின்மேல் இறைச்சிக் கடையில் வாங்கிய ஆட்டுத் தோலை இழுத்துப் போர்த்தி, உள்ளே விலா எலும்பை வையுங்கள். எலும்பில் பட்ட முனைதான் பாடம் சொல்லும்.

வேகத்தை ஒரே அளவில் வைக்க இயந்திர வில்லைப் பூட்டி எய்கிறவர்களும் உண்டு. ஒப்பீட்டுக்கு அது நல்லது. மனிதன் எய்யும்போது அம்பு வளைந்து நெளிந்து கொஞ்சம் சாய்ந்தும் படும், முனை பக்கவாட்டில் முறிவது அப்போதுதான். இரண்டும் வேண்டும்.

உடைந்த முனையைப் பார்த்து 'வேட்டை' என்று எழுதிவிடலாமா?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், பெரிய பத்திரிகைகளில் எழுதுகிறவர்களும் சேர்த்து. டென்மார்க்கில் அன்டர்ஸ் ஃபிஷரும் சகாக்களும் பிளின்ட் முனைகளை எய்து 1984ல் அடிபட்ட உடைவுகளின் வகைகளைத் தந்தார்கள்: நுனியிலிருந்து படி மாதிரி முடியும் வளைவு முறிவு, அதன் முகத்திலிருந்து மேலும் கழன்ற சிறு சில்லு என்று. அதன்பின் அந்த வகைகளை வைத்து உலகம் முழுக்க 'இது அம்பு' என்று எழுதினார்கள்.

ஜஸ்டின் பார்கெட்டர் வேறொரு கேள்வி கேட்டார். மாடு மிதித்தால்? கற்களைப் பரப்பி மாடுகளையும் ஆட்களையும் மிதிக்கவிட்டார். அடிபட்ட மாதிரித் தோன்றும் உடைவுகள் அதிலும் வந்தன. எண்ணிக்கை குறைவு, ஆனால் வந்தன. ஆகவே ஒரு துண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு இடத்தின் மொத்தக் கருவிகளில் அத்தகைய உடைவு எத்தனை வீதம் என்று பார்க்க வேண்டும், கூடவே பிசின் எச்சமும் விளிம்புத் தேய்வும் ஒத்துப்போக வேண்டும்.

இனி வன்னிக்கு வாருங்கள். நம் கல் பிளின்ட் அல்ல. எருமையும் மாடும் யானையும் மிதித்த, உழவு இயந்திரம் போன மண் நம்முடையது. பிளின்ட்டில் கண்ட அடையாளங்களை அப்படியே குவார்ட்ஸில் தேடினால், இருப்பது கண்ணில் படாது, இல்லாததைக் கண்டதாகவும் நினைப்போம். குவார்ட்ஸ் முனை பல நேரம் ஒழுங்கான முறிவு காட்டாமல் நொறுங்கிவிடும். எனவே முதலில் நமக்கு வேண்டியது அகழ்வைவிட ஒரு ஒப்பீட்டுச் சேகரம் என்று நினைக்கிறேன்: இந்த ஊர்க் கூழாங்கல்லில் செய்து எய்து உடைத்த முனைகள், மாடு மிதித்த சில்லுகள், தட்டும்போதே உடைந்தவை, ஒவ்வொன்றும் தனித்தனிப் பையில், எது எப்படி உடைந்தது என்ற குறிப்போடு. இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. பொறுமையும் மாட்டுப் பட்டியும் போதும்.

வேடர்களின் அம்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதா?

மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911ல் பதிவு செய்த வேடர் அம்புகளில் இரும்பு முனை. வில்லைப் பிடிக்கும் விதம், பதுங்கும் தூரம் போன்றவற்றில் கற்க நிறைய உண்டு. கல்முனையைப் பற்றி அவை நேரடியாக எதுவும் சொல்லாது.

பாடசாலையில் செய்யலாமா?

செய்யலாம், கல் உடைப்பதை மட்டும் பெரியவர்கள் செய்து கொடுக்க வேண்டும். உடைத்த முனைகளை அளப்பது, குறுக்கு வெட்டுப் பரப்பைக் கணிப்பது, பிசின் கலவை ஒப்பிடுவது, களிமண்ணில் போன ஆழத்தை வரைபில் போடுவது எல்லாம் மாணவர்களுக்கு ஏற்றவை. கலவையை ஒப்பிடும்போது ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். எய்யும் திசையில் வேலியும் வெறும் நிலமும் இருக்க வேண்டும், இலக்குக்குப் பின்னால் யாரும் போகக்கூடாது. முடிந்ததும் சில்லுகளை ஒன்று விடாமல் பொறுக்கி எடுங்கள். காலில் குத்தும் என்பது ஒன்று. இன்னொன்று, நாளைக்கு ஒருவர் வந்து அந்த மைதானத்தைக் கற்கால வசிப்பிடம் என்று எழுதிவிடுவார்.

எங்கள் காணியில் இப்படிக் கல் கிடைத்தால் என்ன செய்வது?

தோண்டாதீர்கள். முதல் காரணம் மிதிவெடி. அகற்றி முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் இருக்கின்றன, மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம் துப்புரவான இடம் என்று எண்ணவேண்டாம். இரண்டாவது, 1940ன் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருட்கள். அனுமதியில்லாமல் தோண்டுவதும் விற்பதும் குற்றம். கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் ஒரு அடிமட்டமோ நாணயமோ வைத்துப் படம் எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தொல்பொருள் திணைக்களத்துக்கோ பல்கலைக்கழகத் தொல்லியல் ஆசிரியர்களுக்கோ சொல்லுங்கள். பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்த கல்லைவிட, எந்த மண்ணில் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று தெரிந்த கல்தான் அவர்களுக்குப் பயன்படும்.